பாதியில் அறுந்த வாக்கியம்

வீட்டைச் சுற்றிக் காட்டும் தரகர் மாதிரி, கோட்டும் டையுமாக ஒரு பருத்த மனிதர் நம்மை ஒரு மோட்டலுக்குக் கூட்டிப்போகிறார். பின்னால் மேட்டில் ஒரு பழைய வீடு. அதன் மாடிப்படியைக் காட்டி, ஒரு கொலை நடந்தது இங்கேதான் என்கிறார். மோட்டலின் குளியலறைக்குள் போய், எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டார்கள் என்கிறார். 1960-ல் வந்த ‘சைக்கோ’ படத்தின் டிரெய்லர் இது. கூட்டிப்போகிறவர் அதன் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். நீளம் ஆறரை நிமிடம்.

கொலை நடந்த இடங்களையே சொல்லியாகிவிட்டது. அப்புறம் மர்மம் எங்கிருந்து வருகிறது?

பத்தாண்டு கழித்து, 1970-ல், பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் ‘எஸ்/இசட்’ என்றொரு நூல் எழுதினார். எழுத்தாளர் பால்சாக்கின் ஒரே கதையை 561 துண்டுகளாகப் பிரித்து, அது வாசகரை எப்படிப் பிடித்து இழுக்கிறது என்று பார்த்தார். கதையை நடத்தும் 5 குறியீடுகள் தென்பட்டன. அவற்றில் ஒன்று புதிர்க் குறியீடு. விடுகதை போடும் பாட்டிகளுக்குத் தெரிந்த சங்கதிதான்: கேள்வியைப் போடு, விடையை இழுத்தடி, பாதி சொல், தப்பான பக்கம் திருப்பிவிடு, கடைசியில் அவிழ்.

ஹிட்ச்காக்கின் டிரெய்லரும் இதைத்தான் செய்கிறது. மோட்டல் அலுவலகத்தை ஒட்டிய சிறு அறையில், சுவரில் ஓர் ஓவியம். ‘இது ரொம்ப முக்கியமான ஓவியம், ஏனென்றால்...’ என்று தொடங்கும் ஹிட்ச்காக், அப்படியே பேச்சை விட்டுவிட்டு அடுத்த அறைக்கு நடக்கிறார். நம் கண் அந்தச் சட்டத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. அதன் பின்னால் சுவரில் ஓட்டை இருப்பது படத்தில்தான் தெரியவரும். அதை டிரெய்லரிலேயே காட்டியிருந்தால் ஒரு கணம் திடுக்கிட்டு மறந்திருப்போம். இப்போதோ டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

திசைதிருப்பும் வேலை வீட்டு மாடியில் நடக்கிறது. அந்த வீட்டில் இருந்த ஓர் அம்மாவைப் பற்றி ஹிட்ச்காக் பேசுவதெல்லாம் பொறி. படம் பார்க்காதவர்களுக்காக அதை அவிழ்க்காமல் விடுகிறேன்.

கடைசியில் ஷவர் திரையைச் சட்டென்று விலக்குகிறார். ஒரு பெண் அலறுகிறார். அவர் நடிகை வேரா மைல்ஸ். படத்தில் அந்த ஷவரில் நிற்பவரோ ஜேனட் லீ!

இன்றைய க்ரைம் டிரெய்லர்கள் பலவற்றில் ரத்தமும் ஓட்டமும் நிறைய இருக்கின்றன, கேள்வி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். குறும்படம் எடுக்கும் பிள்ளைகளே, இந்த ஆறரை நிமிடத்தைப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து பாருங்கள். ஹிட்ச்காக்கின் பேச்சு எங்கெங்கே அறுகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.