டியூப் லைட் கற்றுக்கொடுத்த பிளாஸ்மா

ஒரு விஷயம் உடனே பிடிபடாதவரை ‘டியூப் லைட்’ என்று கேலி செய்வது நம் வழக்கம். சுவிட்சைப் போட்டதும் எரியாமல், இரண்டு மூன்று முறை சிமிட்டிவிட்டு எரிவதால் வந்த பெயர் அது. உண்மையில் அந்தச் சில நொடிகளில், மின்சாரத்தைக் கடத்தாத ஒரு வாயு, கடத்தும் பிளாஸ்மாவாக மாறுகிறது. ஸ்டார்ட்டர் முதலில் குழலின் இரு முனைகளிலும் உள்ள இழைகளைச் சூடாக்கும். அது தொடர்பை விடும் கணத்தில் சோக் உயர் மின்னழுத்தம் ஒன்றை உதறித் தரும். இழைகளிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் குழலுக்குள் இருக்கும் ஆர்கான், பாதரச அணுக்களில் மோதி, அவற்றிலிருந்து மேலும் எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கும். திடம், திரவம், வாயு ஆகியவற்றை அடுத்த நான்காம் நிலைதான் பிளாஸ்மா. சூரியன் இருப்பதும் இதே நிலையில்தான். இந்த விளக்கைப் பிளாஸ்மா இயற்பியலின் சில்லறைப் பயன்பாடாக எண்ணுவது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும். அந்த இயல் வளர்ந்ததே இத்தகைய குழல்களுக்குள்தான்.

ஜெர்மனியின் பான் நகரில் கண்ணாடிக் கருவிகள் செய்துவந்த ஹைன்ரிக் கைஸ்லர், 1857 வாக்கில், காற்றை இறைத்தெடுத்த குழல்களில் மின்சாரம் செலுத்தி அவற்றை ஒளிரவைத்தார். அதே வகைக் குழல்களை ஆராய்ந்த ஆங்கிலேயர் வில்லியம் குரூக்ஸ், 1879-இல் பொருளின் நான்காம் நிலை பற்றிப் பேசினார். அந்த நிலைக்கு அளவுகோலும் பெயரும் கிடைத்தது, விளக்கு தயாரித்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில். அங்கே இர்விங் லாங்மியூர் பாதரச ஆவிக் குழலுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்து, அதன் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி மின்னோட்டத்தை அளந்தார். எலெக்ட்ரான்கள் எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு சூடு என்பதை அந்தக் கம்பி காட்டிக்கொடுத்தது. நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாகக் கலந்திருக்கும் பகுதிக்கு 1928-இல் அவர் ‘பிளாஸ்மா’ என்று பெயரிட்டார். அவர் பெயராலேயே வழங்கும் அந்த ஆய்வுக்கம்பி, குஜராத்தின் காந்திநகரில் உள்ள ஆதித்யா என்னும் அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவி வரை போயிருக்கிறது.

‘சூரியனோடு ஒப்பிடுகிறீர்களே, தொட்டால் குழல் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது?’ என்று கேட்கலாம். குழலுக்குள் இரண்டு வெப்பநிலைகள் குடியிருக்கின்றன. எலெக்ட்ரான்களின் சூடு ஏறத்தாழ 11,000 டிகிரி. அணுக்களோ கண்ணாடிச் சுவரைவிடப் பெரிதாகச் சூடாவதில்லை. பாதரச அணு எலெக்ட்ரானைவிட மூன்றரை லட்சம் மடங்குக்கும் மேல் கனமானது. பூசணிக்காயில் கடுகு மோதினால் பூசணி நகருமா? ஆனாலும் வேகமான மோதல்கள் அணுவைக் கிளர்த்தி, புற ஊதாக் கதிரை உமிழவைக்கின்றன. குழலின் உட்புறப் பூச்சு அதைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றுகிறது. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: அணுக்களில் நூற்றில் ஒன்றுகூட அயனியாகாத வாயுவைப் பிளாஸ்மா எனலாமா? எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையைவிட அவை சேர்ந்து நடந்துகொள்ளும் விதமே இங்கு அளவுகோல். உள்ளே ஒரு மின்னூட்டத்தை வைத்தால், அக்கம்பக்கத்து எலெக்ட்ரான்கள் இடம் மாறி அதன் தாக்கத்தை மறைத்துவிடும். டியூப் லைட்டில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தொலைவுக்குள் இது நடந்து முடிகிறது. குழலின் விட்டமோ 26 மில்லிமீட்டர். ஆகவே இது பிளாஸ்மாதான்.

சோக்கின் வேலை பற்றவைப்பதோடு முடிவதில்லை. குழலில் மின்னோட்டம் கூடக்கூட எலெக்ட்ரான்கள் பெருகி, பாதை இன்னும் எளிதாகிறது. கட்டுப்படுத்தாவிட்டால் குழல் தன்னையே எரித்துக்கொள்ளும். மூக்கணாங்கயிறாக நின்று அதைத் தடுப்பதும் சோக்தான். பிளாஸ்மாவை உண்டாக்குவதைவிடக் கட்டுக்குள் வைத்திருப்பது கடினம் என்ற பாடம், இணைவு உலைகளுக்கு வெகு முன்பே வீட்டுச் சுவரில் தொங்கியது.

எல்இடி வந்து, பாதரசம் கலந்த குழல்கள் விடைபெறும் காலத்தில் இது பழங்கதை என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால், பிளாஸ்மா சுவரைத் தொடும் இடத்தில் மெல்லிய உறை ஒன்று உருவாகி, அயனிகளைச் சுவரை நோக்கி முடுக்குவதை லாங்மியூர் கண்டார். இன்று சிப் தொழிற்சாலைகளில் அந்த உறை முடுக்கும் அயனிகளைக் கொண்டே நுண்ணிய வடிவங்களைச் செதுக்குகிறார்கள். டியூப் லைட்டை வீட்டைவிட்டு அனுப்பிய எல்இடியின் சில்லும் இப்படிப் பிளாஸ்மாவில் செதுக்கப்படுவதுதான்.