மூன்று எழுத்து, நான்கு தலைமுறை

ஏவிஎம் என்ற பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எழுத்துக்கு ஒருவராக எண்ணினால் மூன்று வரும். இருப்பதோ இரண்டே பேர். ‘ஏவி’ இரண்டும் சேர்ந்து ஒருவர்: காரைக்குடியில் ‘ஏவி அண்ட் சன்ஸ்’ கடை நடத்திய அவிச்சி செட்டியார். ‘எம்’ என்பது 1907இல் அதே ஊரில் பிறந்த அவர் மகன் மெய்யப்பன். பிறகு அவர் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தியதும், 1947இல் ‘நாம் இருவர்’ வந்ததும் சினிமா பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த கதை. அந்த எழுத்துகளை எப்படிப் படிப்பது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

முன்னோர் பெயர்களின் தலையெழுத்துகளைக் கோத்துத் தொழிலுக்குப் பெயராக வைப்பதை நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் ‘விலாசம்’ என்பார்கள். கதவிலக்கமும் தெருப்பெயரும் அதில் கிடையாது. விசிட்டிங் கார்டு இன்று செய்கிற வேலையை அந்த நாளிலேயே செய்த வடிவமைப்பு அது. செட்டிநாட்டு வீடுகளையும் சமையலையும் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. இந்தச் சின்ன எழுத்துக் கோவையும் அவற்றுக்கு இணையான கைத்திறன் என்றே நினைக்கிறேன்.

அதன் அவசியம் கடல் தாண்டியதில் பிறந்தது. பர்மா, இலங்கை, மலாயா என்று தொழில் செய்ய, அவர்கள் சொல்படி ‘கொண்டுவிக்க’, போன காலம் அது. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்ததாக, அங்கே வங்கித் தொழிலை ஆராய்ந்த அரசுக் குழு கணக்கிட்டது. முதலாளி தேவகோட்டையிலோ கண்டனூரிலோ இருப்பார். ரங்கூன் மொகல் தெருக் கடையில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் பார்ப்பவர் அவருடைய மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார், வேறொருவர் கப்பல் ஏறுவார். ஆள் மாறும், விலாசம் மாறாது. ரங்கூனில் எழுதிய உண்டியல் சீட்டுக்குச் சென்னையில் பணம் கொடுப்பவர், அதை எழுதியவரின் முகத்தை ஒருநாளும் பார்த்திருக்க வேண்டியதில்லை. எந்த விலாசம் என்று பார்ப்பார். அந்த வீட்டு நாணயம் அவருக்குத் தெரிந்திருக்கும். நம் கையில் இருக்கும் கார்டு ‘நான் யார்’ என்று சொல்கிறது. விலாசம் ‘எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்’ என்று சொன்னது.

அது எப்படி வளர்கிறது என்பதற்குக் கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பமே போதும். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாகக் காரணமானவர் எஸ்.ஆர்எம்.எம். அண்ணாமலைச் செட்டியார். கடைசி ‘எம்’ அவருடைய தந்தை முத்தையா. அண்ணாமலையாரின் பிள்ளைகள் காலத்தில் முன்னிருந்த ‘எஸ்.ஆர்எம்.’ உதிர்ந்து, தந்தையின் ‘ஏ’ பின்னால் வந்து சேர்ந்தது. இப்படித்தான் எம்.ஏ. முத்தையாவும், சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயரான எம்.ஏ. சிதம்பரமும் வருகிறார்கள். முத்தையாவின் மகன் எம்.ஏ.எம். ராமசாமி. அந்த மூன்று எழுத்தைப் பிரித்தால் முத்தையா, அண்ணாமலை, மறுபடி முத்தையா. நாலாவதாக அவரே. பேரனுக்கு ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பெயரை வைக்கும் வழக்கத்தால்தான் ஒரே எழுத்து ஒரு தலைமுறை தாண்டித் திரும்பி வருகிறது. முன்னால் ஒன்று கழிய, பின்னால் ஒன்று சேர, நீளம் மட்டும் கட்டுக்குள் இருக்கும்.

ஐயா பெயரே திரும்பத் திரும்ப வருவதால் ஒரு சங்கடமும் உண்டு. ஊருக்குள் ராமநாதன்களும் சிதம்பரங்களும் பெருகிவிடுவார்கள். அதுபோக, ‘எம்’ என்று மட்டும் போட்டால் மெய்யப்பனா, முத்தையாவா, மாணிக்கமா? ஆங்கிலத்தில் எழுதும்போது பல பெயர்களுக்கு இரண்டு எழுத்து ஒதுக்கி இதைச் சமாளித்தார்கள். ராமநாதனுக்கு ‘ஆர்எம்’, சிதம்பரத்துக்கு ‘சிடி’, பழனியப்பனுக்கு ‘பிஎல்’, அழகப்பனுக்கு ‘ஏஎல்’. இதில் முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சிறியது, அதன் பிறகே புள்ளி. தமிழில் இது இன்னும் அழகு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் ‘அழ.’ அவர் தந்தை அழகப்பன். வ.சுப. மாணிக்கத்தின் ‘சுப.’ சுப்பிரமணியன். இரண்டு எழுத்திலேயே பெயர் பாதி காதில் விழுந்துவிடுகிறது.

அச்சகங்களில் இன்று நடக்கிற தவறு இங்கேதான். கணினியில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, புள்ளியையும் எடுத்துவிடுகிறார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ‘ஆர்எம்.’ இரண்டு ஆளாகிவிடுகிறார். குடும்பத்தில் பிறக்காத ஒரு தாத்தா கார்டில் முளைக்கிறார்! விலாசத்தில் புள்ளி அலங்காரம் ஆகாது. ஒரு மனிதர் எங்கே முடிகிறார் என்பதை அதுதான் காட்டுகிறது.

புள்ளி என்றதும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைச் சொல்லியாக வேண்டும். அங்கே அடுக்கியிருக்கும் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களின் கழுத்தையோ விளிம்பையோ பாருங்கள். பலவற்றில் விலாசம் வெட்டியிருக்கும். கூர்மையான சிறு உளியைச் சுத்தியால் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக இறக்கிய எழுத்து. உலோகத்தில் வளைகோடு கீறுவது கடினம். உளி வழுக்கினால் கீறல் பாய்ந்துவிடும். புள்ளிகளை வரிசையாக வைத்தால் தமிழின் எந்தச் சுழிப்பும் வசப்படும். புளியும் மண்ணும் போட்டு எத்தனை வருஷம் தேய்த்தாலும் குழி எளிதில் மறையாது, விரலால் தடவியே படிக்கலாம். கல்யாண வீட்டுக்கு இரவலாகப் போன அண்டா சரியான வீட்டுக்குத் திரும்பியது இந்த எழுத்தால்தான்.

ஐரோப்பிய வணிகர்களும் இடைக்காலத்தில் சரக்குப் பொதிகளில் தங்கள் குறியைப் போட்டார்கள். ஜப்பானில் இன்றும் கார்டை இரு கையாலும் வாங்கி, படித்த பிறகே பத்திரப்படுத்துகிறார்கள். பெயருக்கு மரியாதை செய்யும் வழக்கம் எங்கும் உண்டு. தலைமுறைகளையே பெயரின் இலக்கணமாக்கியது செட்டிநாட்டின் தனித்தன்மை.

செட்டிநாட்டுத் தொழில்களுக்குப் புதுமையாகக் கார்டு செய்ய நினைப்பவர்கள் ஆத்தங்குடிக் கல்லின் பூவையோ தேக்குத் தூணையோ பின்னணியில் போட்டுவிடுகிறார்கள். அவை யார் கார்டிலும் பொருந்தும் என்பதுதான் குறை. நான் வடிவமைத்தால் படமே போடமாட்டேன். கெட்டியான பருத்திக் காகிதம், மை இல்லாத புடைப்பு அச்சு, பாத்திரத்தில் வெட்டியதுபோல் புள்ளியாலேயே விலாசம். பின்பக்கம் ஒவ்வொரு எழுத்துக்கும் உரியவரின் முழுப்பெயர், ஒன்றின்கீழ் ஒன்றாக. தொலைபேசி எண்ணுக்குக் கடைசி வரி போதும்.

இதில் ஒன்று தீராமல் நிற்கிறது. விலாசத்தில் இருப்பவர்கள் எல்லாம் ஆண்கள். கடல் கடந்து போனவர்கள் வருஷக்கணக்கில் திரும்பாதபோது வீட்டையும் வரவு செலவையும் கட்டிக் காத்த ஆச்சிகளுக்கு அதில் ஓர் எழுத்தும் இல்லை. இப்போது காரைக்குடியில் ‘பங்களா’ விடுதியை மீனாட்சி மெய்யப்பன் புகழ்பெறச் செய்திருக்கிறார். பனையோலைக் கொட்டான் முடைதலை விசாலாட்சி ராமசாமி மீட்டெடுத்திருக்கிறார். இப்படித் தொழிலும் கலையும் நடத்தும் பெண்களின் மகள்கள் கார்டு அடிக்கும்போது, அப்பச்சியின் (அப்பாவின்) எழுத்துக்குப் பக்கத்தில் ஆத்தாளின் எழுத்தும் வரட்டும். மீனாட்சிக்கும் மெய்யப்பனுக்கும் ஒரே ‘எம்’ வந்து குழம்பினால் ‘மீ.’ ‘மெ.’ என்று தமிழில் எழுதிவிடலாம். ஒரு புள்ளி கூடும், அவ்வளவே.