தக்காளி பூக்குது, காய் ஏன் நிக்கல?

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "செடி தளதளன்னு இருக்கு, பூவும் பூக்குது, ஆனா காயா நிக்க மாட்டேங்குது." கேட்கிற மாதம் பெரும்பாலும் சித்திரை, வைகாசி. கேட்பதற்கு முன்பே ஒரு பிடி உரம் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். அங்கேதான் எனக்கு ஆற்றாமை. வீட்டுத் தக்காளிக்கு வருகிற தொல்லைகளில் முக்கால்வாசிக்கு உரம் மருந்தே இல்லை.

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம். பகல் வெயிலை ஓரளவு தாங்கும், ஆனா ராத்திரி குளிரணும். இரவில் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். பகலில் 35-ஐத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். மே மாதச் சென்னையில் இரவிலேயே 27, 28 டிகிரி! கருவுறாத பூவைச் செடி காம்போடு உதிர்த்துவிடுகிறது. அதுக்குப் போய் யூரியா போட்டால் இலைதான் இன்னும் தளதளக்கும்.

புரட்டாசியில் நாற்று விடுங்க. கார்த்திகை, மார்கழியில் பூக்கும். அடைமழையில் இளநாற்று அழுகாமல் மேலே ஒரு மறைப்பு மட்டும் வேணும்.

இன்னொன்று: தக்காளிப் பூவில் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைந்திருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். மரத்தைத் துளைக்கும் கருப்பு வண்டுத்தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்து இந்த வேலையைச் செய்கிறது. காற்று வராத பால்கனியில் அந்த வேலை நம்முடையது. காலையில் பூக்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் போதும்.

அடுத்தது, காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்து போவது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று எல்லாரும் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறார்கள். காயில் அந்தச் சத்து குறைவது உண்மைதான். ஆனால் பல நேரம் மண்ணில் அது இருக்கிறது, காய்க்குப் போய்ச் சேர்வதில்லை. கால்சியம் தண்ணீரோடுதான் பயணம் செய்யும். நீரை அதிகம் ஆவியாக்குகிற இலைகள் முதலில் இழுத்துக்கொள்ளும். காயின் நுனிக்கு மிச்சம்தான். காலையில் நிறைய ஊற்றி, மதியம் பை காய்ந்து கிடந்தால் அந்த மிச்சமும் கிடையாது. முட்டை ஓடு மக்கவே மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. பெரிய பை, மேலே காய்ந்த சருகு மூடாக்கு, காலை மாலை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் – இது போதும். கறுத்த காய் சரியாகாது, பறித்துவிடுங்கள். பூஞ்சணம் இல்லையென்றால் நல்ல பகுதியை நறுக்கிக் குழம்பில் போடலாம்.

இலை சுருண்டு, சிறுத்து, மஞ்சளாகிச் செடி குட்டையாக நின்றுவிட்டால் கதை வேறு. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. வேப்பெண்ணெய் ஈயைக் குறைக்கும், வைரஸைக் குணப்படுத்தாது. மனசு கேட்காதுதான், ஆனாலும் அந்தச் செடியைப் பிடுங்கிடுங்க. பக்கத்துச் செடிகளாவது பிழைக்கும். நாற்றுப் பருவத்தில் மெல்லிய நைலான் வலை கட்டுவது நல்ல காப்பு. ஒவ்வொரு வருஷமும் இந்தத் தொல்லை என்றால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ரகத்தைத் தேடலாம், இந்த வைரஸை எதிர்த்து நிற்கும். வீரிய ஒட்டு ரகம் என்பதால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்து வைத்தால் அடுத்த முறை அதே குணம் வராது. விதையைப் புதிதாகத்தான் வாங்கணும்.