கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் தளம் அசலா, போலியா? ஒரு புள்ளியில் இருக்கிறது வித்தியாசம்

'ப்ரோ டாட் காயின்பேஸ் டாட் காம்' என்பது ஒரு முகவரி. 'காயின்பேஸ்ப்ரோ டாட் காம்' என்பது இன்னொன்று. வேகமாக ஸ்க்ரோல் பண்ணும்போது ரெண்டும் ஒண்ணுதானே என்று தோன்றும். முதலாவது, அமெரிக்காவின் காயின்பேஸ் நிறுவனம் நடத்திவந்த அசல் வர்த்தகத் தளம். இரண்டாவது, அதே தோற்றத்தில் மோசடிக் கும்பல் உருவாக்கிய போலி. ஒரு புள்ளி காணாமல் போய், ஒரு சொல் இடம் மாறியதற்கு நூற்றுக்கணக்கானோர் இழந்த தொகை 3.7 கோடி டாலருக்கும் மேல். இந்திய மதிப்பில் 300 கோடி ரூபாயைத் தாண்டும்.

இந்த வழக்கில் தண்டனை பெற்றவர் ஓர் இந்தியர். சிராக் தோமர் என்பவர் 2023 டிசம்பர் 20 அன்று அட்லாண்டா விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். 2024 மே மாதம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அடுத்தவர் பணம் ரோலக்ஸ் வாட்ச், லம்போர்கினி, போர்ஷே கார்கள், துபாய், தாய்லாந்து ட்ரிப் என்று போயிருந்தது.

இந்தப் போலித் தளம் வேலை செய்த விதம்தான் முக்கியம். பயனர் தன் ஐடி, பாஸ்வேர்டை டைப் செய்ததும், அது மோசடிக் கும்பலின் கைக்குப் போய்விடும். பக்கத்தில் ஏதோ 'எரர்' மாதிரி வரும், கஸ்டமர் கேரைத் தொடர்புகொள்ளச் சொல்லும். எதிர்முனையில் பேசுவதும் அதே கும்பல்தான். ஓடிபி-யைக் கேட்டு வாங்குவார்கள். சிலரிடம் கம்ப்யூட்டரையே தூரத்திலிருந்து இயக்கும் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ண வைத்தார்கள். அடுத்த சில நிமிடங்களில் அசல் தளத்தில் நுழைந்து மொத்த காயினையும் தங்கள் வாலட்டுக்கு மாற்றிவிடுவார்கள். 2022 பிப்ரவரியில் வட கரோலினாவைச் சேர்ந்த ஒருவர் மட்டும் இப்படி இழந்தது 2.4 லட்சம் டாலர்.

அமெரிக்கக் கதை ஓசூருக்கு எதற்கு என்று கேட்கலாம். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருவைச் சேர்ந்த சைபர் பாதுகாப்பு நிறுவனம் கிளவுட்செக், 2022 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 'காயின்எக்' என்ற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சின் பெயரைக் காப்பியடித்து, போலித் தளங்களும் ஆண்ட்ராய்டு ஆப்களும் உருவாக்கி இந்தியர்களைக் குறிவைத்ததை அது விவரித்தது. இந்தப் போலி எக்ஸ்சேஞ்ச்களால் இந்தியர்கள் இழந்த தொகை 1,000 கோடி ரூபாய் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. தன்னை அணுகிய ஒருவர் மட்டும் 50 லட்சம் ரூபாய் இழந்ததாகவும் சொன்னது.

அங்கே நடந்தது இதுதான். முதலில் சோஷியல் மீடியாவில் ஒரு பெண் பெயரில் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட். சில நாள் நட்பான பேச்சு. பிறகு, "இந்த எக்ஸ்சேஞ்ச்ல ட்ரை பண்ணு, 100 டாலர் கிரெடிட் என் கிஃப்ட்" என்று ஒரு லிங்க். லாபம் ஏறுவது ஸ்க்ரீனில் தெரியும். நம்பிக்கை வந்து பெரிய தொகையைப் போட்டதும் அக்கவுன்ட் முடங்கும். முன்பின் தெரியாதவருக்கு ஒருவர் 100 டாலர் ஏன் தர வேண்டும் என்ற கேள்வி, இதைப் படிக்கும்போது எளிதாக வரும். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து ரூமுக்கு வந்து, தனியாகப் படுத்துக்கொண்டு போன் பார்ப்பவருக்கு அது அவ்வளவு எளிதாக வராது. ஊரைவிட்டு வேலைக்கு வந்தவர்கள், முதல் சம்பளம், முதல் தீபாவளி போனஸ், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் அத்திப்பள்ளி வழியாகப் போய்வரும் ஐடி ஊழியர்கள் என நிறைந்த பகுதி இது. கையில் புதிதாகப் பணம் வரும் இடத்தில் இப்படிப்பட்ட லிங்க்குக்கு வேலை அதிகம்.

முகவரியை எங்கிருந்து படிக்க வேண்டும்?

இணைய முகவரியை இடமிருந்து வலமாகப் படிப்பதுதான் நம் பழக்கம். மோசடிக்காரர்களுக்கு வசதியும் அதுதான். பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். முகவரியில் வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள் ('எச்டிடிபிஎஸ்' பக்கத்தில் இருக்கும் இரட்டைக் கோடு கணக்கில் இல்லை). அதற்கு முன்னால் 'டாட் காம்' அல்லது 'டாட் இன்' இருக்கும். அதற்கும் முன்னால் ஒட்டி நிற்கும் ஒரே ஒரு சொல்தான் உரிமையாளர். அதற்கு இடப்பக்கம், புள்ளி வைத்து எழுதப்பட்டிருப்பதெல்லாம் அந்த உரிமையாளர் வீட்டுக்குள் இருக்கும் அறைகள்.

கவரில் முகவரி எழுதுவதும் இப்படித்தான்: கதவு எண் முதலில், ஊர் கடைசியில். 'ப்ரோ டாட் காயின்பேஸ்' என்றால் காயின்பேஸ் வீட்டில் ப்ரோ என்ற அறை. 'காயின்பேஸ்ப்ரோ' என்று ஒட்டி எழுதினால் அது வேறொரு வீடு. ஃபேக்டரி கேட்டுக்கு எதிரில் அதே கம்பெனி பெயரை வைத்து ஒருவர் டீக்கடை போட்டால், அது கம்பெனி கேன்டீன் ஆகிவிடாது. அதேபோல 'லாகின்', 'சப்போர்ட்', 'இந்தியா', 'ரீஃபண்ட்' போன்ற சொற்களை எக்ஸ்சேஞ்ச் பெயரோடு ஹைஃபன் போட்டு ஒட்டிய முகவரிகளை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம்.

எழுத்தைப் பார்த்தும் ஏமாறலாம். 2018 மார்ச்சில் பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சைக் குறிவைத்து நடந்த தாக்குதலில், போலி முகவரியில் எழுத்துப் பிழையே இல்லை. ஆங்கில 'என்' எழுத்துக்குக் கீழே மட்டும் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. போன் திரையில் பார்த்தால் தூசி என்று விரலால் துடைக்கத் தோன்றும். அதில் ஏமாந்தவர்களின் கணக்குகளை வைத்து 'வியாகாயின்' விலையைச் செயற்கையாக ஏற்றிப் பணம் எடுக்க முயன்றார்கள். பைனான்ஸ் அந்த வர்த்தகங்களை ரத்து செய்தது. 2019 ஜூனில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 6 பேரைக் கைது செய்த வழக்கிலும் இதே மாதிரி பெயர்ப் போலித் தளம்தான். 12 நாடுகளில் 4,000 பேர், 2.4 கோடி யூரோ இழப்பு.

கண்ணை மட்டும் நம்ப முடியாது என்பதே இதன் அர்த்தம். நல்லவேளையாக, போனில் உள்ள பாஸ்வேர்டு மேனேஜருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அசல் தளத்தில் சேமித்த பாஸ்வேர்டை அது அதே முகவரியில்தான் தானாக நிரப்பும். வழக்கமாக நிரம்பும் இடத்தில் இன்று நிரம்பவில்லை என்றால், கையால் டைப் பண்ணாதீர்கள், நிறுத்திவிட்டு முகவரியைப் பாருங்கள். பாஸ்கீ இன்னும் ஒருபடி மேல். அது தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது என்பதால் போலித் தளத்தில் வேலையே செய்யாது. எஸ்எம்எஸ் ஓடிபி-யும் சரி, ஆத்தென்டிகேட்டர் ஆப்பின் 6 இலக்க எண்ணும் சரி, போலிப் பக்கத்தில் நீங்களே டைப் செய்தால் அடுத்த நொடி அசல் தளத்தில் பயன்படுத்தப்பட்டுவிடும். 'டூ ஃபேக்டர் போட்டிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகாது' என்ற தைரியம் ஆபத்தானது.

பூட்டு அடையாளத்தைப் பார்க்கச் சொல்லும் பழைய அறிவுரையையும் மறந்துவிடலாம். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் வேறு யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்லும். எதிரில் இருப்பவர் திருடனா என்று சொல்லாது. போலித் தளத்துக்கும் அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும். இந்தக் குழப்பம் காரணமாகவே கூகுள் 2023-ல் குரோம் பிரவுசரிலிருந்து பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

கூகுளில் முதலில் வருவது அசல்தானே?

இல்லை. முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். பிட்காயின் வாலட் தளம் ஒன்றின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி, கூகுள் விளம்பரத்துக்குக் காசு கட்டி, தேடுபவர் கண்ணில் முதலில் படுமாறு செய்த ஒரு கும்பல், மூன்று ஆண்டுகளில் சுமார் 5 கோடி டாலர் திருடியதாக சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக் குழு 2018-ல் சொன்னது. எக்ஸ்சேஞ்ச் முகவரியை ஒருமுறை நிதானமாகச் சரிபார்த்து புக்மார்க் செய்துகொண்டு, பிறகு அதன் வழியாக மட்டுமே போவது நல்லது. டெலிகிராம், வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் அந்த ஆப்புக்குள்ளேயே திறக்கும்போது முழு முகவரி பல நேரம் தெரியாது.

இந்தியாவுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 மார்ச்சிலிருந்து கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மத்திய நிதி உளவுப் பிரிவான எஃப்ஐயு-வில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத 9 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்களுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 28-ல் நோட்டீஸ் போனது. 2024 ஜனவரியில் அவற்றின் ஆப்கள் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போயின. பைனான்ஸ் உள்ளிட்ட சில நிறுவனங்கள் பிறகு பதிவு செய்து திரும்பின. ஆனால் அசல் தளம் முடக்கப்பட்ட நேரத்தில் மக்கள் என்ன தேடுவார்கள்? 'மிரர் லிங்க்', 'ஏபிகே டவுன்லோட்'. மோசடிக்காரர்கள் வலை விரிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முடக்கப்பட்ட தளத்துக்கு யாரோ அனுப்பிய மாற்று வழி என்றால் அதை அசலென்று உறுதிசெய்ய உங்களிடம் எதுவுமே இல்லை.

'எஃப்ஐயு பதிவு பெற்றது' என்று தளத்தில் எழுதியிருப்பதும் ஆதாரம் அல்ல. லோகோவைக் காப்பியடிப்பவருக்கு அந்த வரியைக் காப்பியடிக்கத் தெரியாதா? வங்கிகள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல வேலை செய்தது: 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்றது. கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்களுக்கு அப்படி ஒரு பொது அடையாளம் இல்லை. எனவே சோதிக்கும் பொறுப்பு பயனர் தலையில்தான்.

டிடிஎஸ் என்ற எளிய சோதனை

முகவரியைவிடப் பணம் போகும் வழி உண்மையைச் சொல்லும். இந்தியாவில் கிரிப்டோவை விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் உண்டு. இது 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. முறையாக இயங்கும் இந்திய எக்ஸ்சேஞ்ச் இதை விற்பனைத் தொகையிலேயே பிடித்துவிடும். உங்கள் பான் எண்ணில், வருமான வரித் தளத்தில் அது தெரியும். லாபத்தின் மீதான 30 சதவீத வரியை நீங்கள் நேரடியாக அரசுக்குக் கட்டுவீர்கள். 'உங்க பேலன்ஸ் 18 லட்சம், எடுக்கணும்னா முதல்ல வரி 2 லட்சம் டெபாசிட் பண்ணுங்க' என்று எந்த அசல் எக்ஸ்சேஞ்சும் கேட்காது. கேட்டால் அந்த 18 லட்சம் வெறும் திரையில் வரைந்த எண். இன்னும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ரூபாயை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள். யுபிஐ-யில் பெயர் வரும்போது எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஏதோ டிரேடர்ஸ், ஏதோ என்டர்பிரைசஸ், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் என்று வந்தால், அது கமிஷனுக்கு வாடகைக்கு எடுத்த கணக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அசல் எக்ஸ்சேஞ்சிலும் ஒருவரிடமிருந்து இன்னொருவர் நேரடியாக வாங்கும் பி2பி முறையில் தனிநபர் பெயர் வரும் என்பது உண்மைதான். புதிதாக வருபவர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. வந்த பணம் திருட்டுப் பணமாக இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கும் முடங்கும்.

அசல் தளம் என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல. வசிர்எக்ஸ் அசல்தான், 2024 ஜூலை 18-ல் நடந்த ஹேக்கிங்கில் அதிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனது. ஆனால் அங்கே கேள்வி கேட்க ஒரு நிறுவனம் இருந்தது. அதன் முதலீட்டாளர் ஒருவர் தொடுத்த வழக்கில்தான், கிரிப்டோ என்பது சட்டப்படி சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. போலித் தளத்தில் பணம் போட்டவர் யார் மீது வழக்குப் போடுவார்?

பணம் போய்விட்டது. இப்போது என்ன?

உடனே 1930-க்கு போன். அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு. ஏன் அவசரம் என்றால், கிரிப்டோ பரிமாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் வங்கி வழியாகப் போன ரூபாய், அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கப்பட வாய்ப்பு உண்டு. வங்கியின் யுடிஆர் எண், அனுப்பிய வாலட் முகவரி, பரிவர்த்தனை ஐடி, தளத்தின் முழு முகவரி, சாட் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் தேவைப்படும். அவமானமாக இருக்கிறது என்று சாட்டை டெலீட் பண்ணுவதுதான் பலர் செய்யும் காரியம். அதோடு ஆதாரமும் போய்விடும். அசல் எக்ஸ்சேஞ்சின் பாஸ்வேர்டைப் போலிப் பக்கத்தில் கொடுத்திருந்தால், அசல் தளத்தில் உடனே அதை மாற்றி, ஏபிஐ கீ ஏதாவது இருந்தால் ரத்து செய்து, கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.

இழந்ததைப் பற்றி சோஷியல் மீடியாவில் புலம்பும்போது ஓர் எச்சரிக்கை. காயின்எக் மோசடியில் அதற்கும் ஆள் வைத்திருந்தார்கள் என்கிறது கிளவுட்செக் அறிக்கை. புகார் சொன்னவர்களிடம் 'விசாரணை அதிகாரி' வேடத்தில் வந்து, பணத்தை மீட்டுத் தருவதாக அடையாள அட்டை, வங்கி விவரங்களை வாங்கியது வேறு யாருமல்ல, அதே கும்பல்தான்.

எல்லையோர மக்களுக்கு ஒரு நடைமுறைக் குழப்பம் உண்டு: வீடு ஓசூரில், சம்பளக் கணக்கு பெங்களூருவில், லிங்க்கைத் திறந்தது கம்பெனி பஸ்ஸில். எந்த ஸ்டேஷன்? 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும்; பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கிருஷ்ணகிரி மாவட்ட சைபர் கிரைம் போலீஸிலும் கொடுக்கலாம், அத்திப்பள்ளியிலும் கொடுக்கலாம். 1930-ல் பதிவானதும் கிடைக்கும் ஒப்புகை எண்ணைக் கையோடு எடுத்துப் போங்கள்.