பழைய மடிக்கணனியை ஒதுக்குமுன்

வெளிநாட்டு உறவினர் கொடுத்தனுப்பிய பழைய மடிக்கணனி சில வீடுகளில் பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கிறது. "இது இனிச் சரிவராது, புதிது வாங்குங்கள்" என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையின் படிப்பை எண்ணித் தாய் நகையை அடகு வைக்க ஆயத்தமாகிறாள். அதற்கு முன் இதைச் சற்று வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கணனியை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்பர். நம்மில் பலர் அறிந்தது விண்டோஸ். விண்டோஸ் 10க்கு வழமையாக வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும், 64 கிகாபைட் சேமிப்பிடமும், பழைய கணனிகளில் இல்லாத சில உறுப்புகளும் வேண்டும். ஆகவே பல வேளைகளில் பழுதானது இயந்திரமன்று, சுமைதான் அதிகம். இரண்டு சக்கர உழவு இயந்திரத்தில் லொறிச் சுமையை ஏற்றினால் அது இழுக்குமா?

சுமை குறைந்த பணிசெயல் முறைமைகள் உண்டு. லினக்ஸ் வகையைச் சேர்ந்த இவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. எதைத் தெரிவது என்பதைக் கணனியின் நினைவகமே தீர்மானிக்கும்.

4 கிகாபைட் இருந்தால் லினக்ஸ் மின்ற் எக்ஸ்எஃப்சிஈ வசதியாக ஓடும். 2 கிகாபைட்டிலும் இயங்கும். அதற்கும் குறைந்தால் அன்ரிஎக்ஸ், பப்பி லினக்ஸ் என்பவற்றைப் பார்க்கலாம். பப்பியை 2003இல் அவுஸ்திரேலியரான பாரி கவ்லர் தொடங்கினார். அது நினைவகத்தில் ஏறி இயங்குவதால் மெதுவான வன்தட்டை ஓயாமல் தேடுவதில்லை.

2008ஆம் ஆண்டளவில் வந்த சிறு மடிக்கணனிகள் பலவற்றில் இன்ரெல் அற்றம் என்270 இருந்தது. அது 32 பிட் வகை. அவற்றுக்கு 32 பிட் பதிப்பையே கேட்டு வாங்குங்கள். 2025இல் வெளிவந்த டெபியன் 13 இவற்றில் நிறுவுவதற்கான பதிப்பைத் தருவதில்லை. அன்ரிஎக்ஸ் 23இல் அது உண்டு.

முதலில் நிறுவாமலே பரீட்சித்துப் பாருங்கள். பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணனியைத் தொடக்கலாம். திரை, விசைப்பலகை, ஒலி, வைஃபை யாவும் வேலை செய்கின்றனவா, தமிழ் எழுத்துச் சரியாகத் தெரிகிறதா எனப் பார்த்தபின் முடிவெடுக்கலாம்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. நிறுவும்போது வன்தட்டு முழுவதையும் அழிக்கும் தெரிவைக் கொடுத்தால், உள்ளே இருப்பவை யாவும் போய்விடும். இடம்பெயர்ந்த எமக்குக் காணி உறுதியின் படம், பிறப்புச் சான்றிதழின் பிரதி, விட்டுவந்த வீட்டின் ஒரேயொரு புகைப்படம் ஆகியன அதற்குள் இருக்கக்கூடும். அவற்றை இரண்டு இடங்களில் பிரதி செய்து, திறந்து பார்த்து உறுதிப்படுத்திய பின்னரே தொடங்குங்கள். கடையில் கொடுப்பதானாலும் இதை முதலில் செய்யுங்கள்.

இதனால் பழைய கணனி புதிதாகிவிடாது. இணையப் பக்கங்கள் பலவற்றை ஒன்றாகத் திறந்தால் திணறும். காணொளி வகுப்புகளும் தடைப்படலாம். ஆனால் லிப்ரே ஒபிஸில் கடிதம் எழுதவும், விதை, உரச் செலவைக் கணக்கு வைக்கவும், பிள்ளை சேமித்து வைத்த பாடங்களை வாசிக்கவும் அது தாராளமாகப் போதும். இவ்வளவே தேவையெனில், நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.