வயல் நண்டின் கண்ணில் ஒரு திரை

கனகம்மாசத்திரம், திருத்தணி வட்டார நெல் விவசாயிகளுக்கு நண்டுத் தொல்லை புதிதல்ல. வரப்பில் வளை தோண்டித் தண்ணீரை ஒழுகவிடும். இரவில் இளம் பயிரை அடியோடு வெட்டிப் போடும். பகல் வெயிலிலும் கும்மிருட்டிலும் அதற்கு எப்படிக் கண் தெரிகிறது?

எண்ணற்ற சிறு கண்கள் சேர்ந்ததே நண்டின் கண். நம் கண்ணைப்போல் சுருங்கி விரியும் பாவை அதற்குக் கிடையாது. சிறு கண்களுக்கிடையே கறுப்புத் துகள்கள் உள்ளன. வெளிச்சத்தில் அவை திரைபோல் பரவி மிகுதியான ஒளியைத் தடுக்கும்; இருட்டில் ஒதுங்கி, உள்ள சிறு ஒளியையும் உள்ளே விடும்.

திரையைப் பரப்புவது கண்காம்பில் சுரக்கும் ஹார்மோன் ஆகும். கண்காம்புச் சாறு இவ்வேலையைச் செய்வதை அமெரிக்க விஞ்ஞானி கிளைன்ஹோல்ஸ் 1936-ல் இறாலில் காட்டினார். 18 அமினோ அமிலங்கள் கோத்த அதன் அமைப்பு 1976-ல் தெரிந்தது.

தோலுரிப்பு, இனப்பெருக்கம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் கண்காம்பு ஹார்மோன்கள் ஆள்கின்றன. இவற்றைத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தார் வயல் நண்டிலேயே ஆராய்ந்துள்ளனர்.

ஆக, இருட்டு நண்டுக்குத் தடையல்ல. அதன் இரைதேடும் நேரமே அதுதான். பகலில் வளைகளை அடைப்பதோடு நிற்காதீர்கள். மாலையில் வாய் அகன்ற பானைகளை வயல் மட்டத்துக்குப் புதைத்து, வறுத்த தவிடு இடுங்கள். விழும் நண்டுகளைக் காலையில் அகற்றலாம். பூச்சிமருந்தைத் தண்ணீரில் கொட்டினால் மீனும் தவளையும் சேர்ந்தே மடியும்.