நகராத லாரி: எண்ணூரில் ஒரு மாணவர் திரில்லரின் முதல் இரண்டு நிமிடம்

திரில்லர் என்று தமிழிலும் வழங்கும் படவகையில், படத்தின் பெயரும் பணியாற்றியோர் பெயர்களும் திரையில் வந்து மறைவதற்குள் பார்வையாளர் மனத்தில் விடை தெரியாத ஒரு கேள்வியை ஊன்றிவிட வேண்டிய பகுதியே தொடக்கக் காட்சித்தொடர் ஆகும். பிரிட்டனில் மேல்நிலைப் பள்ளியில் ஊடகவியல் பயின்ற மாணவர்களுக்கு, இரண்டு நிமிடத்துக்கு மிகாத ஒரு படத் தொடக்கத்தை எடுத்துக் காட்டுவது பல ஆண்டுகள் செய்முறைப் பணியாகவே தரப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் விஸ்காம் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் காட்சித் தொடர்பியல் மாணவர்கள் பெரும்பாலும் முழுக் குறும்படத்தையே எடுக்கின்றனர். பத்து நிமிடத்துக்குள் ஒரு குற்றத்தைத் தொடங்கித் துப்புத் துலக்கி முடித்துவிடும் அவசரத்தில், எதை எப்போது சொல்வது என்ற அடிப்படைக் கலையைப் பழக அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. தொடக்கத்தை மட்டும் எடுக்கும் பயிற்சி அந்தக் கலையை மட்டுமே கேட்பதால், அது இங்கும் பரவலாக மேற்கொள்ளத் தக்கது.

பார்வையாளர் அறிவதற்கும் கதைமாந்தர் அறிவதற்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்விலிருந்தே பதற்றம் பிறக்கிறது. எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் 1954-இல் வெளியிட்ட, பாடல்களே இல்லாத ‘அந்த நாள்’ படத்தில், சிவாஜி கணேசன் ஏற்ற நாயகப் பாத்திரம் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறது. சுட்டது யார் என்பது பார்வையாளருக்கு மறைக்கப்படுவதால், அவர் துப்பறிவாளருக்கும் பின்னால் நின்று கதையைத் தொடர்கிறார். ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) இதற்கு நேர் எதிரான வழியில் செல்கிறது. ஒரு காரின் பின்பெட்டியில் வெடிகுண்டு வைக்கப்படுவதைப் பார்வையாளர் கண்டுவிடுகிறார், காரில் ஏறுபவர்கள் காணவில்லை, வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் மூன்று நிமிடத்துக்கும் மேலாகக் கேமரா அந்தக் காரை விட்டும் தொட்டும் நகர்கிறது. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) இவ்விரண்டையும் இணைக்கிறது: பள்ளியிலிருந்து திரும்பாத சிறுமி, உணவு மேசையில் காலியாகக் கிடக்கும் அவளது இடம், புல்வெளியில் உருண்டு நிற்கும் பந்து, கம்பிகளில் சிக்கிய பலூன் ஆகியவற்றோடு நின்றுவிட்டு, கொலையை அது காட்டுவதேயில்லை. செலவு செய்ய இயலாத மாணவர் குழுவுக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

மாணவர் முயற்சியிலிருந்து பெரும்படம் விளைந்த வரலாறும் சென்னைக்கு உண்டு. அடையாறு திரைப்படக் கல்லூரி என்று மக்கள் வழங்கிய, இன்று எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கித் தரமணியில் இயங்கும் அரசு நிறுவனத்தில் ஆபாவாணன் மாணவப் பருவத்தில் உருவாக்கிய ‘மர்டர் எக்கோ’ என்ற குறும்படமே, ஆர். அரவிந்தராஜ் இயக்கி 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த ‘ஊமை விழிகள்’ படத்துக்கு வித்தாயிற்று. இளம்பெண்கள் காணாமல் போகும் ஒரு கடற்கரை விடுதியைச் சுற்றி அமைந்த அப்படத்தில், நிகழ்விடமே அச்சத்தின் பாதியைச் சுமந்தது.

அத்தகைய நிகழ்விடம் வடசென்னையின் எண்ணூரில் உண்டு; ஆனால் அது வேறு வகையான பொறுப்பையும் கோருகிறது. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தில் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகளும், அவற்றுக்கு எதிரே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், கழிவெளியின் குறுக்கே சாம்பல் கலந்த நீரைக் கொண்டுசெல்லும் குழாய்களும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன. 2017-இல் வெளியான ‘சென்னை புறம்போக்கு பாடல்’ காணொளியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா இந்தக் கழிமுகத்தில் நின்று பாடியபோது, சென்னையிலேயே வாழ்ந்தும் இந்த இடத்தைக் காணாதிருந்த பலர் முதன்முறையாக அதைக் கண்டனர். வெகுசன சினிமாவிலோ வடசென்னை என்றதும் அரிவாளும் துரத்தலும் முன்வந்து நிற்கின்றன. ‘மெட்ராஸ்’ (2014), ‘வடசென்னை’ (2018) ஆகிய படங்கள் அப்பகுதி வாழ்வின் அரசியலை நுணுகி எழுதியவை. அவற்றைப் பார்த்து வளரும் மாணவர்களோ அரசியலை விட்டுவிட்டு அரிவாளை மட்டும் எடுத்துக்கொள்வது வருந்தத்தக்கது. எண்ணூர் மக்கள் உண்மையில் அஞ்சியவை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் புகுந்து வலைகளிலும் படகுகளிலும் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அங்குள்ள ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடின. அந்த இரவை அதில் சிக்கியவர்களின் இசைவில்லாமல் பொழுதுபோக்குக்காக மீண்டும் நடித்துக்காட்டுவது முறையாகாது.

அரிவாள் துரத்தலையும் பேரிடரின் மறுநடிப்பையும் தவிர்த்து, ஊரின் அன்றாடத்திலிருந்தே ஒரு தொடக்கத்தைக் கட்ட முடியும். துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் நீண்ட வரிசையாக நிற்பது அங்கு யாவரும் அறிந்த காட்சி. இரவு தொடங்கும் வேளையில் அந்த வரிசை சற்று முன்னே நகர்கிறது. ஒரு லாரி மட்டும் நகரவில்லை. பின்னால் ஹாரன் ஒலிக்கிறது, அடுத்த லாரியின் கிளீனர் இறங்கி நடந்துவந்து கேபினை அண்ணாந்து பார்க்கிறார். கதவு திறந்திருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது, ரேடியோ பேசிக்கொண்டிருக்கிறது, ஸ்டியரிங் அருகே வைத்த தேநீரிலிருந்து இன்னும் ஆவி எழுகிறது, ஓட்டுநர் இல்லை. படத்தின் பெயர் அப்போது திரையில் விழலாம்.

ஒரு பக்கத் திரைக்கதை ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது தொழில் வழக்கு. எனவே இக்காட்சி இரண்டு பக்கத்துக்குள் எழுதப்பட்டு, பிறகு ஷாட் ஷாட்டாகப் பிரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு ஷாட்டையும் கட்டத்துக்குள் வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டு, ஓவியத் திறமையைக் காட்டுவதற்கானதன்று. கேமரா எங்கே நிற்கும், ஆள் எந்தத் திசையில் நடப்பார் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவுசெய்ய வைப்பதே அதன் பயன். லாரி வரிசையை ஒரு கற்பனைக் கோடாகக் கொண்டால், கேமரா எப்போதும் அக்கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி எடுத்த ஷாட்டை இடையில் சேர்த்தால், கேபினை நோக்கி நடந்த கிளீனர் திடீரெனத் திரும்பி நடப்பதுபோலத் தோன்றிவிடும். குவளையிலுள்ள தேநீரின் அளவு ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் காப்பதும் இந்தத் தொடர்ச்சியின் பகுதியே. அதற்கென ஒருவரை நியமித்து ஒவ்வொரு டேக்கின் முடிவிலும் புகைப்படம் எடுக்கச் செய்வது சிறு குழுவுக்கும் இயலும்.

நகரும் வரிசைக்கு நடுவே இதை எடுக்கவே கூடாது. கன்டெய்னர் லாரியின் முகப்பை ஒட்டியும் இடப்பக்கத்திலும் நிற்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குப் படமாட்டார். அச்சாலையில் உயிர்கள் போவது கற்பனைச் செய்தி அன்று. வரிசையின் பொதுத்தோற்றத்தைச் சாலைக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் முக்காலி வைத்து எடுத்துக்கொண்டு, கேபின் காட்சிகளை உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவோடு ஒரு லாரி நிறுத்துமிடத்தில் எடுத்து இணைத்தால், இரண்டும் ஒரே இடமென்று பார்வையாளர் ஏற்றுக்கொள்வார். உள்ளூர்க் காவல் நிலையத்துக்குக் கல்லூரியின் கடிதத்தோடு முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம். காமராஜர் துறைமுகம், அனல்மின் நிலையம் ஆகியவற்றின் வளாகங்கள் பாதுகாக்கப்பட்டவை; ரயில் நிலையத்தில் எடுப்பதென்றால் தெற்கு ரயில்வேயின் அனுமதி வேண்டும்; ட்ரோன் பறக்கவிட விரும்புவோர் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அவ்விடம் எந்த வண்ண மண்டலத்தில் வருகிறது என்று பார்த்தாக வேண்டும். இவ்வளவு தடைகளுள்ள ஊரில் தரையிலிருந்து, மனித உயரத்தில் எடுப்பதே கதைக்கும் பொருந்தும்.

வெளிச்சத்துக்கும் நேரக் கணக்கு உண்டு. கிழக்குக் கடற்கரையில் கதிரவன் நிலத்தின் பக்கம் மறைவதால், மாலையில் கடல் முதலில் இருண்டு, மேற்கு வானம் மட்டும் சிறிது நேரம் ஒளியோடு நிற்கும். மேற்கு நோக்கி வைத்த கேமராவில் லாரிகள் கருநிழலாகத் தெரியும் அந்த இருபது நிமிடத்துக்குள் பொதுத்தோற்ற ஷாட்டுகள் முடிந்துவிட வேண்டும். இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டதாகையால் தெருவிளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 என்று அமைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் பெரும்பாலும் தென்படாது. கைபேசியில் எடுப்போரும் இதைக் கையாலேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர் படங்கள் பெரும்பாலும் தோற்பது ஒலியில்தான். கடற்காற்று மைக்கில் மோதி எழுப்பும் இரைச்சலைப் பின்னர் நீக்குவது கடினமாகையால் ரோம உறை இன்றியமையாதது. ஹாரன், கதவின் முனகல், செருப்புக் காலடி, இன்ஜின் ஓட்டம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிவுசெய்துகொள்வதோடு, யாரும் பேசாமல் அவ்விடத்தின் பொது ஒலியை ஒரு நிமிடமேனும் பதிவுசெய்தால், வெட்டுகளுக்கு இடையே விழும் ஓட்டைகளை அதனால் நிரப்பலாம். கேபின் ரேடியோவில் திரைப்பாட்டு ஒலித்தால் உரிமைச் சிக்கல் வரும். அதற்குப் பதிலாக, கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று மீனவர்களை எச்சரிக்கும் ஒரு வானிலை அறிவிப்பை மாணவர்களே எழுதி வாசித்துப் பதிவுசெய்தால், செலவும் இல்லை, வரவிருக்கும் ஆபத்தின் குறிப்பும் கிடைத்துவிடுகிறது. பின்னணி இசையைக் காட்சி முழுவதும் பரப்பும் பழக்கத்தைக் கைவிட்டு, ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கி ரேடியோக் குரல் மட்டும் எஞ்சும் இடத்தை இசையின்றி விடுவது மேலும் வலுவானது.

படத்தொகுப்பு முடிந்ததும், கதையை முன்பே அறிந்த நண்பர்களைத் தவிர்த்து, எதுவும் அறியாத சிலருக்கு, இயன்றால் எண்ணூர்வாசிகளுக்கே, அதைப் போட்டுக்காட்டி, ஓட்டுநருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். எல்லோரும் ஒரே விடையைச் சொன்னால் ஏதோ ஒரு ஷாட் தேவைக்கு மேல் சொல்லிவிட்டது என்று பொருள், அதை நீக்கலாம். லாரி நகரவில்லை என்பதையே யாரும் கவனிக்கவில்லை என்றால், முன்னால் விழுந்த இடைவெளியைக் காட்டும் ஷாட்டை இன்னும் இரண்டு நொடி நீட்டிப் பார்க்கலாம்.